பதினொன்று தொண்ணூற்றொன்பது

புட்டி பிளாஸ்டிக்.
பாதித் தீர்ப்பு அதிலேயே எழுதியாயிற்று என்கிறான் டாரல்.
லேபிளில் ஒரு கோவேறு கழுதை,
அச்சு நகர்ந்ததில் ஐந்து கால்.
பெயர் லேம் மியூல்.
ஐந்தில் எது நொண்டி என்று
முதல் பத்து நிமிடம் விவாதித்தோம்.

சனிக்கிழமை. டயர் கடை ஷட்டரைப் பாதி இறக்கியாயிற்று.
வெளியே பார்ட்ஸ்டவுன் சாலையில்
பெரிய ஆலைகளைச் சுற்றிப் பார்த்தவர்களின் பேருந்து போகிறது,
நூற்றிருபது டாலர் புட்டிகளைக்
கைக்குழந்தைபோல் மடியில் இருத்திக்கொண்டு.
நாங்கள் மூன்று பேர்.
வீல் பேலன்ஸிங் மெஷின்மேல் பழைய செய்தித்தாள்.
இரண்டு கிளாஸ், ஒரு ஜாம் பாட்டில்.

எங்களுக்கும் முறை உண்டு.
முதலில் நிறம்.
டாரல் டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்த்தான்:
பிரேக் ஆயில், மாற்ற வேண்டிய நேரம்.
நான் எழுதினேன்: தேன், இளசு.

அப்புறம் மூக்கு.
வாயைக் கொஞ்சம் திறந்தபடிதான் முகர வேண்டும்,
இல்லையென்றால் மூக்கு முடி பொசுங்கும்.
எனக்கு வந்தது சோளம்.
வெந்த சோளம் அல்ல, வேகவைத்த தண்ணீர்.
கூடவே நகப்பூச்சு அழிக்கும் திரவம்.
அதற்கும் பின்னால், வெகு பின்னால்,
அடுத்த வீட்டில் யாரோ வெனிலா கேக் சுடுகிறார்கள்,
நம்மைக் கூப்பிடவில்லை.

நடீன் முகரவில்லை.
இருபத்தோரு வருடம் பீப்பாய்க் கிடங்கில் இருந்தவள்,
சுற்றியுள்ள மரங்களெல்லாம் கரிபூசி நிற்கும் அந்தக் கிடங்கில்.
எந்தப் பீப்பாய் கசிகிறதென்று
இருட்டிலேயே போய்க் கை வைப்பாள்.
போன மார்ச்சில் வந்த காய்ச்சல்
கிளம்பும்போது வாசனையையும் எடுத்துக்கொண்டு போயிற்று.
இப்போது அதே ஆலையின் பரிசுக் கடையில்
டி-ஷர்ட் மடிக்கிறாள்.

கழுதைக்கும் கற்பூரத்துக்கும் உள்ள பழைய வழக்கு
எங்கள் மெஷின்மேல் தலைகீழாகக் கிடந்தது.
கற்பூரம் அறிந்தவளுக்கு மூக்கில்லை.
மூக்குள்ள இரண்டு கழுதைகள்
மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தன.

ஜாம் பாட்டிலை எடுத்தாள்.
ஒரு மடக்கு, வாய்க்குள் ஒரு சுற்று, விழுங்கல்.
கண்ணைக்கூட மூடவில்லை.
காற்றழுத்தம் சரிபார்க்கிறவள் மாதிரி
தனக்குள்ளே எதையோ கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நுனியில் இனிப்பு. அதற்கு மூக்கு வேண்டாம்.
நடுவில் காலி வீடு.
சூடு நெஞ்சுக்குழி வரை வந்து நின்றுவிட்டது,
நல்ல சரக்கென்றால் தொப்புள் வரை நடக்கும்.
மூன்று வருடம் இருக்கும்.
மேல்மாடியில் கிடந்திருக்கிறது,
வெயிலில் அவசரமாகப் பழுத்தது."

டாரல் புட்டியைத் திருப்பினான்.
கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கினான்.
கழுதையின் வாலுக்குக் கீழே எறும்பு எழுத்தில்:
முப்பத்தாறு மாதம்.
ஒன்றும் சொல்லாமல்
தன் நான்கு மதிப்பெண்ணை அடித்து
ஐந்து என்று எழுதினான். ஏனென்று கேட்கவில்லை.

"வாசனை எப்படி, சொல்லு" என்றாள் என்னிடம்.
சொன்னேன். சோளத் தண்ணீர், நகப்பூச்சு,
அடுத்த வீட்டுக் கேக்.
தலையாட்டினாள்.
இன்னும் கொஞ்சம் கொடுக்கலாமே என்று
இலவங்கப்பட்டை சேர்த்தேன்,
தோல் செருப்பு சேர்த்தேன்,
கடைசியில் ஒரு கறுப்புச் செர்ரி.

"பொய்" என்றாள்.
"பன்னிரண்டு டாலருக்குச் செர்ரி வராது."

சிரித்ததில் டாரலுக்குப் புரையேறியது.
அந்தச் சரக்கு மூக்கு வழியாக வந்தால்
எப்படி இருக்கும் என்பதை மட்டும்
மதிப்பீட்டில் சேர்க்கவில்லை.

முடிவாக எழுதியது இவ்வளவுதான்:
வெறுமனே குடித்தால் பொறுத்துக்கொள்ளலாம்.
ஐஸோடு மரியாதை.
கோக் ஊற்றினால் ஒருவரும் குறை சொல்ல மாட்டார்கள்.
விலைக்குத் துரோகம் செய்யவில்லை.

இரண்டாவது சுற்றை நடீனே ஊற்றினாள், மூவருக்கும் சமமாக.
புது டயர் அடுக்குகளைப் பார்த்தபடி கேட்டாள்:
"இங்கே இன்னும் ரப்பர் வாசம் அடிக்கிறதா?"

அடிக்கிறது என்றேன்.
இதில் மட்டும் ஒரு சொட்டும் கலக்கவில்லை.